ஆக்சிலேட்டரை விட்டும் நிற்காத வண்டி

செம்பூரில் ஒரு மோட்டார் சைக்கிள் சர்வீஸ் சென்டரின் உதிரிபாகக் கவுண்டரில்தான் என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. போன வருஷம் ஓய்வு பெற்றேன். இப்போது என் நாற்காலியில் பிரியா என்ற பெண் உட்கார்ந்திருக்கிறாள். கெட்டிக்காரி. தமிழ் நன்றாகப் பேசுவாள், படிப்பதென்றால் எழுத்துக்கூட்ட வேண்டும். நான் எழுதுகிற இதை அவளுக்கு அவள் அம்மாதான் படித்துக் காட்டுவாள் என்று நினைக்கிறேன்.

சில நாட்களுக்கு முன் அவள் போன் பண்ணினாள்.

"செண்பகாக்கா, கார்புரேட்டர் வண்டிக்காரங்க இன்னும் வந்துட்டே இருக்காங்க. பாதி பார்ட் கம்பெனியில பந்த் ஆயிடுச்சு, செய்யறதே இல்ல. வெளிய லோக்கல் வாங்கிக்கோங்கன்னு சொன்னா மேனேஜர் திட்டுறாரு. சொல்லலைன்னா கஸ்டமர் திட்டுறாரு. நீங்கன்னா என்ன சொல்லுவீங்க?"

புது வண்டிகளில் கார்புரேட்டரே கிடையாது. எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. ஆனால் தாராவியிலும் தேவ்நாரிலும் டிராம்பே பக்கத்திலும் பழைய வண்டியை வைத்துப் பிழைப்பவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். புதுசு வாங்கு என்று அவர்களிடம் சொல்வதற்கு ஒரு கவுண்டர் தேவையில்லை.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அசையாத சாமான் என்றால், அதாவது கார்புரேட்டரின் அடியில் மாட்டுகிற கிண்ணம், அதன் திருகு, மூடி, இவற்றில் நல்ல லோக்கல் தயாரிப்பு கிடைத்தால் தாராளமாகப் போடட்டும். கம்பெனிக்கே செய்து கொடுக்கிற பட்டறைகள் சில தங்கள் பெயரிலும் விற்கின்றன. ஜெட் என்கிற, பெட்ரோல் போகும் சின்னப் பித்தளைத் துளையை மட்டும், பொறித்த எண் பழசோடு ஒத்துப்போகிறதே என்று நம்பக் கூடாது. போட்டு ஓட்டிவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பார்க்க வேண்டும். பெட்ரோலை அடைத்து நிறுத்துகிற ரப்பர் முனையும், ஏறி இறங்குகிற ஸ்லைடும் வேறு ஜாதி. அவற்றில் ஒரிஜினல் கிடைக்காவிட்டால், வேறு எது வந்தாலும் சோதிக்காமல் கையை விட்டுப் போகக் கூடாது.

"சோதிக்கிறதுன்னா எப்படிக்கா?" என்று கேட்டாள். அதைப் போனில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலுக்குள் இப்ராஹிம் பாயின் கதை இருக்கிறது.

நான் தாராவியில் பிறந்தவள். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். பன்னிரண்டாவது முடித்ததும் இந்த வேலை கிடைத்தது. முதல் சில வருஷங்கள் ஸ்பிரிங்குக்கும் வாஷருக்கும் பெயர் பழகுவதிலேயே போயின. அதில் சொல்ல ஒன்றுமில்லை. எங்களுக்குப் பத்மநாபன் சார் பொறுப்பாளராக வந்த பிறகுதான் அது வேலையாகத் தெரிந்தது.

சார் மாதுங்காவிலிருந்து பஸ்ஸில் வருவார். ஒல்லியான ஆள். குரலை உயர்த்தியதே இல்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான். துடைத்து முடிக்கிற வரைக்கும் எதிரில் நிற்பவருக்கு வியர்க்கும். கவுண்டருக்கு யார் வந்தாலும் சாமான் பெயரை அவர் முதலில் கேட்க மாட்டார். எந்த வண்டி, யார் ஓட்டுகிறார், என்ன சுமை ஏற்றுகிறார், வண்டி என்ன பண்ணுகிறது என்று வரிசையாகக் கேட்பார். "பழசைக் காட்டுங்கோ, அப்புறம் புதுசு தரேன்" என்பார். மேஜையில் வெள்ளைத் துணியை விரித்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். ஜெட்டை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். ரப்பரை நகத்தால் அழுத்திப் பார்ப்பார்.

ஒரு தடவை கம்பெனியிலிருந்தே வந்த ஒரு பெட்டி ரப்பர் வளையங்களைத் திருப்பி அனுப்பச் சொன்னார். எங்கோ குடோனில் வருஷக்கணக்காகக் கிடந்து இறுகிப்போன சரக்கு. நான், "சார், கம்பெனி பேர் போட்டிருக்கே" என்றேன்.

"பேர் கவர்ல இருக்கும்மா. பெட்ரோலை நிறுத்தப்போறது ரப்பர்" என்றார்.

ஒரிஜினல் என்பதாலேயே ஒன்றைக் கும்பிடுகிறவர் அல்ல அவர். லோக்கல் என்பதாலேயே தூக்கி எறிகிறவரும் அல்ல. இதை முன்பே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததை வைத்து அவரைக் கம்பெனியின் ஆள் என்று சிலர் பேசினார்கள்.

இனி இப்ராஹிம் பாய். அவரும் எங்கள் தாராவிக்காரர்தான், கடையநல்லூர் பக்கத்துக் குடும்பம். தோல் பைகளுக்கு ஓரம் தைத்து முடித்துக் கொடுக்கிற சின்னப் பட்டறை வைத்திருந்தார். தைத்த பைகளை மூட்டையாகக் கட்டி மோட்டார் சைக்கிளில் கடை கடையாகக் கொண்டு போய்க் கொடுப்பார். எங்கள் கவுண்டருக்கு வருவதற்கு முன் நான் அவரைப் பார்த்ததில்லை.

மத்தியானச் சாப்பாடு முடிந்து கவுண்டர் காலியாக இருந்த நேரம். இடது கையில் கட்டுப் போட்ட ஒருவர் வந்து, துணியில் சுற்றிய ஒன்றைக் கண்ணாடி மேல் வைத்தார். பிரித்தார். கார்புரேட்டர். ஒரு பக்கம் மண் ஒட்டியிருந்தது.

"என்ன பார்ட் வேணும் பாய்?" என்றேன்.

"பார்ட் வேண்டாம்மா. இது சரியா இருக்கா, இல்லையான்னு பாத்துச் சொல்லணும். அவ்வளவுதான்."

அவரை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். நடந்ததைச் சொன்னார். மனைவி ரஹ்மத்தைப் பின்னால் உட்காரவைத்துத் தேவ்நாரில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருக்கிறார். வழியில் பாலத்தின் மேல் ஏறி இறங்கும்போது ஆக்சிலேட்டர் கைப்பிடியை விட்டிருக்கிறார். கைப்பிடி திரும்பியது, வண்டி குறையவில்லை. பிரேக்கை மிதித்தும் எஞ்சின் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. சாவியைத் திருப்புவதற்குள் தடுப்புச் சுவர் வந்துவிட்டது. அவருக்குக் கை. ரஹ்மத்துக்கு வலது கால் முட்டியில் உடைந்து, உள்ளே கம்பி வைத்திருந்தார்கள். இனி அந்தக் கால் மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"வேகமா வந்தேன்னு எல்லாரும் சொல்லுதாங்க. சொல்லட்டும். பொஞ்சாதியும் அதத்தான் சொல்லுதா. பின்னால உக்காந்தவளுக்குக் கைப்பிடிய விட்டேனா, முறுக்குனேனான்னு எப்படித் தெரியும்? எஞ்சின் கத்துனதுதான் அவ காதுல விழுந்துச்சு." அவர் கார்புரேட்டரைத் தொட்டார். "இதுக்குத் தெரியும்லா? அதான் கழத்திக் கொண்டாந்தேன்."

சார் உள்ளிருந்து வந்து கேட்டுக்கொண்டு நின்றார். "கடைசியா இதை யார் பிரிச்சா?" என்றார்.

"ஆக்சிடெண்டுக்கு முந்தி ஸ்லைடு மாத்துனாங்க சார். எங்க பக்கத்துல, முருகன்னு ஒரு மெக்கானிக்கு."

முருகன் என் உடன்பிறந்த தம்பி. தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவனுக்குக் காரேஜ்.

"சார், அது என் தம்பி" என்றேன். இப்ராஹிம் பாய் என்னை நிமிர்ந்து பார்த்தார். எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படின்னா நீ இதைத் தொடாதே. ஆனா போகவும் வேண்டாம். இங்கேயே நின்னு பாரு" என்றார். பிறகு பாயிடம், "உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டார். அவர் தலையாட்டினார்.

சார் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தார். வெள்ளைத் துணியை விரித்தார். ஸ்லைடு என்பது ஒரு விரல் பருமனான சின்ன உருளை. ஆக்சிலேட்டரை முறுக்கினால் கேபிள் அதை மேலே இழுக்கும், எஞ்சினுக்குக் காற்றும் பெட்ரோலும் கூடும். விட்டால் ஸ்பிரிங் அதைக் கீழே தள்ளிவிடும், எஞ்சின் அடங்கும். அது கீழே வராவிட்டால் வண்டி யார் பேச்சையும் கேட்காது.

முதலில் ஸ்லைடை அவர் சந்தேகப்படவே இல்லை. பாயோடு ஒருவரை அனுப்பி வண்டியிலிருந்து கேபிளைக் கொண்டுவரச் சொன்னார். அதை வளைத்து, நீட்டி, உள்கம்பியை இழுத்து விட்டுப் பார்த்தார். பிசிறு இல்லை. ஸ்பிரிங்கைப் புது ஸ்பிரிங்கோடு நிறுத்தி உயரம் பார்த்தார். சரியாக இருந்தது. கார்புரேட்டரை எஞ்சினோடு சேர்க்கிற இடத்தில் நெளிவு இருக்கிறதா என்று கண்ணாடிப் பலகையில் வைத்து ஆட்டினார். ஆடவில்லை. ஒவ்வொன்றாகக் குற்றமில்லை என்று தள்ளி வைக்க வைக்க, மேஜையில் மிச்சமிருந்தது ஸ்லைடு மட்டும்தான்.

அதைத் துடைத்து, கார்புரேட்டரை நிமிர்த்திப் பிடித்து, மேலேயிருந்து போட்டார். டக்கென்று அடியில் போய் விழுந்தது. மறுபடி போட்டார். மறுபடியும் டக். தம்பி மேல் தப்பில்லை என்று நினைத்தேன். இப்ராஹிம் பாய் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு அந்தச் சத்தத்தின் அர்த்தம் தெரிந்துவிட்டது: நீதான் முறுக்கினாய்.

சார் மட்டும் அசையவில்லை. "பாலத்துக்கு வர்றதுக்குள்ள எஞ்சின் நன்னாச் சூடாகியிருக்கும், இல்லையா?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். டீ போடுகிற கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்து, ஒரு பாத்திரத்தில் ஊற்றி, இரண்டையும் அதில் போட்டார். இடுக்கியால் எடுத்து, துணியால் பிடித்துத் துடைத்து, மறுபடி ஸ்லைடைப் போட்டார்.

சத்தம் வரவில்லை.

பாதி வழியில் நின்றிருந்தது. கார்புரேட்டரைக் குலுக்கினார். இறங்கவில்லை. விரலால் தள்ளினார், கொஞ்சம் போய் மறுபடி பிடித்துக்கொண்டது. பட்டறையில் கழித்துப் போட்ட ஒரு வண்டியிலிருந்து பழைய ஒரிஜினல் ஸ்லைடு ஒன்றை எடுத்துவரச் சொல்லி, அதையும் அதே வெந்நீரில் போட்டு, அதே கார்புரேட்டரில் விட்டார். டக்.

இதற்குள் எங்கள் முதலாளி சேட் மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டார். விஷயம் அவருக்கு எட்டியிருந்தது. "பத்மநாபன், யே அப்னா மால் நஹி ஹை. இத்னா போலோ, பஸ்" என்றார். நம்ம சரக்கு இல்லை என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடு, அவ்வளவுதான்.

"நம்ம சரக்கு இல்லைதான்" என்று சார் இந்தியில் பதில் சொன்னார். "அவர் கேட்டது வேற. அதுக்குப் பதில் சொல்லிட்டு வரேன்."

பாய் பக்கம் திரும்பினார். "நீங்க கைப்பிடியை விட்டிருக்கீங்க. ஸ்லைடுதான் இறங்கலை. இது ஒரிஜினல் இல்லை. உலோகம் வேற, சூட்டுல அதிகமா வீங்கறது. ஆறிப்போய் இருக்கறப்போ பார்த்தா யாருக்கும் தெரியாது. எனக்கே இப்பத்தான் தெரிஞ்சுது."

இப்ராஹிம் பாய் ஸ்லைடை எடுத்துக் கட்டுப் போடாத கைக்குள் வைத்து மூடிக்கொண்டார். சூடு இன்னும் இருந்திருக்கும். அவர் விடவில்லை.

அன்றைக்கு வேலை முடிந்து நேரே தம்பியின் காரேஜுக்குப் போனேன். சொன்னேன். முருகன் கையிலிருந்த ஸ்பேனரை வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து அந்த ஸ்லைடு வந்த காலி டப்பாவை எடுத்து என் முன்னால் போட்டான். கம்பெனி பெயர், பளபளக்கிற முத்திரை, எல்லாம் இருந்தது.

"நீயே பாருக்கா. இது டூப்ளிகேட்டுன்னு ஒனக்குத் தெரியுதா? நா ஒன் கவுண்டர்லதான் மொதல்ல கேட்டேன். ஸ்டாக் இல்ல, எப்ப வரும்னு தெரியாதுன்னு சொன்ன. அந்த மனுசன் வண்டி இல்லாம சரக்குக் குடுக்கப் போவ முடியலன்னு தெனம் வந்து நிக்காரு. மார்க்கெட்ல போயி ஒரிஜினல்னு கேட்டுத்தான் வாங்கியாந்தேன். நா என்ன செஞ்சிருக்கணும்? சொல்லு."

அவன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. கவுண்டரில் நாங்கள் இல்லை என்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு மெக்கானிக்கை எங்கே அனுப்புகிறோம் என்று அதுவரை நான் யோசித்ததில்லை.

"அவரு யாருகிட்டயும் போயிச் சொல்லல முருகா. ஒம்மேல கோவமா இருக்காரான்னும் தெரியல" என்றேன்.

அவன் கையைத் துடைத்தான். "வா, போவோம். நா போட்ட சாமான். நாந்தான் போயிச் சொல்லணும்."

இப்ராஹிம் பாயின் வீடு கீழ்த்தளத்தில் ஒற்றை அறை. பக்கத்துப் பட்டறையின் தையல் மெஷின் சத்தம் சுவர் வழியாகக் கேட்டது. ரஹ்மத் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். பாய் வாசல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஸ்லைடு அவர் சட்டைப் பையில் இருந்தது. வீட்டுக்கு வந்தும் அவர் மனைவியிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் நம்புவாளா என்று பயந்தாரோ என்னவோ.

முருகன் உட்காரவில்லை. நின்றபடியே ரஹ்மத்தைப் பார்த்துச் சொன்னான். "யக்கா, வண்டியில ஸ்லைடு மாத்துனது நாந்தான். ஒரிஜினல்னு நெனச்சுப் போட்டேன். அது டூப்ளிகேட். சூட்டுல மாட்டிக்கிட்டு எறங்கல. பாய் ஆக்சிலேட்டர விட்டுட்டாரு. அவரு மேல தப்பு இல்ல. என்னய என்ன வேணும்னாலும் சொல்லுங்க."

ரஹ்மத் அவனைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் அவனைப் பார்க்கவே இல்லை. தலையைத் திருப்பிப் புருஷனைப் பார்த்தாள்.

"அப்ப நீங்க முறுக்கலையா?"

"இல்ல ரஹ்மத்து."

"நா கத்துனதுக்கு அப்பொறமும் முறுக்குனீங்கன்னுல்லா நெனச்சேன். இத்தன நாளும்."

பாய் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. ரஹ்மத் எழ முயன்றாள், முடியவில்லை. கையை மட்டும் நீட்டினாள். நானும் முருகனும் வெளியே வந்து நின்றோம்.

அந்த டப்பாவை எடுத்துக்கொண்டு முருகன் அதை விற்ற கடைக்குப் போனான். நான் விற்றதே இல்லை என்றார் கடைக்காரர். அவருக்குப் பின்னால் யார், அவருக்குப் பின்னால் யார் என்று போகிற வழியை எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்கு நியாயம் கிடைத்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். கிடைக்கவில்லை.

சார் ஒரு காரியம் செய்தார். வெளியில் வாங்கின ஸ்லைடைக் கார்புரேட்டரோடு எந்த மெக்கானிக் கொண்டுவந்தாலும் வெந்நீரில் போட்டுப் பார்த்துக் கொடுப்போம் என்று சொல்லி அனுப்பினார். தாராவியிலிருந்தும் டிராம்பேயிலிருந்தும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சேட்டுக்குப் பிடிக்கவில்லை. ஊர்க்காரன் சரக்குக்கு என் கடையில் எதற்குச் சர்டிஃபிகேட் என்று கத்தினார். சார் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுநாளிலிருந்து கெட்டிலைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கு வெளியே, பக்கத்து டீக்கடை பெஞ்சுக்குப் போய்விட்டார். அந்த வருஷம் அவருக்கு வரவேண்டிய பதவி வேறொருவருக்குப் போனது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. சாமான் தேறாதபோது மட்டும், "இதைப் போட்டா நீங்க ஓட்டுவேளா?" என்று கேட்பார். கொண்டுவந்தவர் பேசாமல் அதைப் பையில் போட்டுக்கொண்டு போவார்.

பிரியா, நீ கேட்ட சோதனை இதுதான். கெட்டில் இருக்கிறது. மேனேஜர் திட்டினால் டீக்கடை இருக்கிறது.

ஒரிஜினல் ஸ்லைடு எங்கள் கவுண்டருக்கு வந்து சேர்ந்தபோது மழைக்காலம் முடிந்திருந்தது. நானே அதை எடுத்துப் போய் முருகனிடம் கொடுத்தேன். அவன் வண்டியை முழுக்கப் பிரித்து, வளைந்ததை நிமிர்த்தி, கேபிள், பிரேக் எல்லாம் புதுசாக்கி வைத்தான். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, அந்தப் பாலத்தின் மேல் திரும்பத் திரும்பத் தானே ஓட்டிப் பார்த்தான்.

இப்ராஹிம் பாய் வண்டியை எடுக்க வரவில்லை. கை ஆறிவிட்டது. ஆனால் பை மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு பஸ்ஸில் போய் வந்தார். பாதிக் கடைகள் கைவிட்டுப் போயின. வண்டியை வித்துரு தம்பி என்று முருகனிடம் சொல்லி அனுப்பினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ரஹ்மத் எனக்கு ஆள் விட்டாள். "ஒங்க தம்பிய வண்டியக் கொண்டாரச் சொல்லுங்க."

முருகன் கொண்டுவந்து சந்தில் நிறுத்தினான். ரஹ்மத் கைத்தடியை ஊன்றி வாசலுக்கு வந்தாள். பாய் உள்ளேயே நின்றார்.

"வாங்க" என்றாள்.

"வேண்டாம் ரஹ்மத்து."

"ஆஸ்பத்திரிக்கு டாக்ஸி புடிக்கவே ரெண்டு பேரு வேணும். எத்தன நாளைக்கு? நீங்க பயந்துக்கிட்டுக் கெடந்தா நா இந்த ரூமுக்குள்ளேயே கெடக்கணும்."

"ஒனக்குப் பயமா இல்லையா?"

"இருக்கு. அதுக்கு?"

அவர் வந்து வண்டியில் உட்கார்ந்தார். கைப்பிடியை முறுக்கி விட்டார், முறுக்கி விட்டார், நான்கைந்து தடவை. எஞ்சின் ஏறியது, இறங்கியது. ரஹ்மத் என் தோளைப் பிடித்து மெதுவாகப் பின்னால் உட்கார்ந்தாள். மடங்காத கால் முன்பக்கம் நீண்டு நின்றது. அதைத் தாங்க முருகன் தனியாக ஒரு கம்பி பற்றவைத்திருந்தான். அவளைக் கேட்காமல், யாருக்கும் சொல்லாமல் வைத்திருக்கிறான். அவள் அதில் காலை வைத்து, சரியாக இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தாள். அப்போதுதான் முதல் தடவையாக அவனை நேராகப் பார்த்தாள்.

"போங்க" என்று புருஷன் முதுகில் தட்டினாள்.

வண்டி நடக்கிற ஆளைவிடக் கொஞ்சம் வேகமாகப் போனது. சந்து முனையில் பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்தது. நின்றார்கள். ஒரு பஸ் கடந்து போனது. பிறகு ரோட்டில் ஏறிச் செம்பூர்ப் பக்கம் திரும்பினார்கள்.